துவர்ப்பும் நீர்க்கடுப்பும்: அந்தச் சிவப்பு ஜூஸ் என்னதான் செய்கிறது?

எதிர்வீட்டு அக்காவுக்குப் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை எட்டரைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். போன மாதம் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து, கிரான்பெரி என்கிற சிவப்புப் பழத்தின் ஜூஸ் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஏம்மா, நீ காலேஜுல கிருமிப் பாடம்தானே நடத்துற? இதக் குடிச்சா நீர்க்கடுப்பு வராதாமே. கூட வேல செய்யற பொண்ணு சொல்லுச்சு. முந்நூறு ரூவாய்க்கு மேல ஆச்சு. நெசமா, ஏமாத்து வேலையா?”

“பாதி நெசம், அக்கா.”

“எந்தப் பாதி?”

கொசு விரட்டிக்கொண்டே அதைச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு இந்த ஒரு வருஷத்தில் இது மூன்றாவது தடவை. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ வருஷத்தில் மூன்று முறையோ வந்தால், ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று டாக்டர்கள் அதைத் தனியாகப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கிரான்பெரி உதவும், யாருக்கு உதவாது என்பதற்கு இது பிற்பாடு தேவைப்படும்.

சூடா, கிருமியா?

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் இதற்குப் பேர் பல. சூட்டுவலி என்பார்கள், நீர்க்கடுப்பு என்பார்கள், நீர்ச்சுருக்கு என்பார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் ‘யூரின் இன்ஃபெக்ஷன்’ என்கிறார்கள். போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த அடுத்த நிமிஷமே திரும்பவும் முட்டுவது, போனால் நாலு சொட்டு, அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலி. பாட்டி இருந்தால் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார், வெந்தயத்தை மோரில் ஊறப்போட்டுத் தருவார், இளநீர் வாங்கிவரச் சொல்லுவார்.

‘சூடு’ என்ற விளக்கத்தை முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். கத்திரி வெயிலில் தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும். சிறுநீர் குறைந்து, மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, போகும்போது எரியும். சிலருக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாலே அது அடங்கிவிடும். ஆனால் நாலு சொட்டும் அடிவயிற்று வலியுமாக ஒரு நாளைத் தாண்டியும் நீடித்தால், உள்ளே குடியேறியது பெரும்பாலும் கிருமிதான்.

அந்தக் கிருமி எங்கிருந்தோ வந்ததல்ல. நம் குடலில் சமர்த்தாக வாழ்கிற ஈ.கோலை என்கிற பாக்டீரியாதான் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம். குடலில் இருக்கிறவரை தொல்லையில்லை. மலவாயிலிருந்து நாலு விரல் தூரம் நகர்ந்து சிறுநீர்த் துவாரத்துக்குள் ஏறிவிட்டால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. அளவுக்குப் போகும். பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருவதற்கு முக்கியக் காரணம் அந்த வித்தியாசம்தான். சுத்தமில்லாத பொம்பளைக்குத்தான் வரும் என்று மாமியார்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். உடம்பின் அமைப்புக்கு மருமகள் என்ன செய்வாள்?

ஒட்டிக்கொள்கிற வித்தை

இங்கேதான் பழத்தின் கதை ஆரம்பமாகிறது. சிறுநீர்ப்பை சும்மா கிடக்கிற குட்டையல்ல. நாளைக்கு ஐந்தாறு தடவை நிரம்பி, ஒரே பாய்ச்சலில் வடிகிறது. உள்ளே வந்த பாக்டீரியா சும்மா மிதந்துகொண்டிருந்தால் அடுத்த பாய்ச்சலோடு வெளியே போய்விடும். இயற்கை வைத்திருக்கிற முதல் காவல் அதுதான். ஆகவே ஈ.கோலை அங்கே பிழைக்க வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துத் தொங்கியாக வேண்டும்.

வாய்க்கால் ஓரமாக நடந்து போனால் நாயுருவி விதை புடவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோல. ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மெல்லிய இழைகள் உண்டு. ஒவ்வோர் இழையின் நுனியிலும் கொக்கி மாதிரி ஒரு புரதம். அந்தக் கொக்கிக்குப் பிடித்தமான இடம் மன்னோஸ் என்கிற சர்க்கரை. நம் சிறுநீர்ப்பைச் சுவரின் செல்கள் அந்தச் சர்க்கரையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத சங்கதி ஒன்று. சிறுநீர் வேகமாகப் பாய்ந்து பாக்டீரியாவை இழுத்தால் பிடி தளரும் என்றுதான் நினைப்போம். நேர்மாறாக, இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. கிணற்றில் வாளி இறக்குகிற சுருக்குக் கயிறு போல. இழையும் நேராக நிற்பதில்லை. ஸ்பிரிங் மாதிரி சுருள் பிரிந்து நீண்டுகொடுக்கிறது, அறுந்து போவதில்லை.

கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாது, அதன் வேலையைப் பார்க்கலாம். எங்கள் லேபில் மாணவிகளுக்கு வருஷாவருஷம் செய்து காட்டுகிற எளிய சோதனை ஒன்று உண்டு. பேக்கரி ஈஸ்ட்டை உப்புநீரில் கரைத்தால் மோர்த்தண்ணி போல வெளுப்பாக இருக்கும். ஈஸ்ட்டின் மேல்தோல் முழுக்க மன்னோஸ்தான். கண்ணாடிச் சில்லில் அதில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு நாள் அசைக்காமல் வளர்த்த ஈ.கோலையில் ஒரு சொட்டு சேர்த்து, சில்லை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பால் திரிந்தாற்போலத் துணுக்குத் துணுக்காகக் கட்டிக்கொள்ளும். பாக்டீரியா ஒரு ஈஸ்ட்டை ஒரு பக்கமும் இன்னொன்றை மறுபக்கமும் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. இன்னொரு சில்லில் முன்கூட்டியே துளி மன்னோஸைக் கரைத்துவிட்டு அதே மாதிரி சாய்த்தால் ஒன்றும் நடக்காது, மோர் மோராகவே இருக்கும். கொக்கிகள் எல்லாம் கரைந்து கிடக்கிற சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுவிட்டன; ஈஸ்ட்டைப் பிடிக்கக் கை காலியில்லை. எந்தக் கிருமியும் சாகவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

கிரான்பெரியின் வேலையும் இந்த வகைதான் என்று அக்காவிடம் சொன்னேன். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்கிறது. கிரான்பெரி, வேலை செய்கிற இடத்தில், ஒட்ட விடாமல் வழுக்கிவிடுகிறது.

“அப்ப ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம் குடிச்சா?”

சரியான இடத்தில் பிடித்தார். ஒட்டிக்கொண்டு, பெருகி, சுவர் வீங்கி, எரிச்சலும் வந்தாயிற்று என்றால் இந்த ஜூஸ் மருந்தாகாது. வந்த தொற்றைக் கிரான்பெரி தீர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பேச்செல்லாம் வராமல் தடுப்பதைப் பற்றி மட்டும்தான்.

புளிப்பிலிருந்து துவர்ப்புக்கு

கிரான்பெரி வட அமெரிக்காவின் சதுப்பு நிலத்துக் கொடி. அமெரிக்காவின் விஸ்கான்சின், மாசசூசெட்ஸ் மாநிலங்களிலும் கனடாவிலும் பெருமளவில் பயிராகிறது. அறுவடைக் காட்சி நமக்குப் பழகியது போலவே இருக்கும். வயலில் தண்ணீர் கட்டுவார்கள். பழத்துக்குள் காற்றறை இருப்பதால், கொடியைத் தட்டிவிட்டால் பழமெல்லாம் மேலே வந்து மிதக்கும், நடவு வயலில் யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்ட மாதிரி. அங்கத்திய பூர்வகுடிகள் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் அதை வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள்.

இது ஏன் உதவுகிறது என்று யோசித்தவர்கள் முதலில் புளிப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். பழத்தில் இருக்கிற அமிலம் உடம்பில் ஹிப்யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரைப் புளிக்க வைக்கிறது, புளிப்பில் கிருமி பிழைக்காது என்று ஒரு கருத்து 1914 முதலே சுற்றி வந்தது. கேட்க நன்றாக இருந்தாலும், மனுஷர் குடிக்கிற அளவு ஜூஸ் சிறுநீரின் புளிப்பை அந்த அளவுக்கு மாற்றுவதில்லை. எலுமிச்சை ஜூஸ் குடித்தால் கிருமி செத்துவிடும் என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தப் பழைய கணக்கில்தான் நிற்கிறார்கள்.

திருப்பம் 1984-இல் வந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த 77 ஈ.கோலை வகைகளை வைத்து அமெரிக்காவில் அந்தோணி சொபோட்டா என்பவர் சோதித்தார். கிரான்பெரி ஜூஸ் பட்டதும் அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை செல்களில் ஒட்டுகிற திறனில் முக்கால் பங்கை, அதற்கு மேலும் இழந்தன. புளிப்பு விளக்கம் பின்னுக்குப் போய், ‘ஒட்டல்’ முன்னுக்கு வந்தது.

அப்புறம் இஸ்ரேலில் ஒரு குழு, நமக்கும் தெரிந்த பழங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பார்த்தது. கொய்யா, மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், கூடவே கிரான்பெரி, புளூபெரி. 1989-லும் 1991-லும் வெளியான முடிவுகள் எளிமையானவை. மன்னோஸைப் பிடிக்கிற கொக்கியை ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரையே மடக்கிவிடுகிறது. அது எல்லாப் பழச்சாற்றிலும் உண்டு. ஆனால் ஈ.கோலையில் இன்னொரு வகை இழையும் இருக்கிறது. சிறுநீரகம் வரை ஏறிப்போகிற வகைகளில் அதிகம் காணப்படுவது அது. மன்னோஸுக்கு மசியாது, வேறொரு சர்க்கரைக் கண்ணியைப் பிடிக்கும். அதை அடக்குகிற பெரிய மூலக்கூறு கிரான்பெரியிலும் புளூபெரியிலும் மட்டும்தான் கிடைத்தது. கொய்யாவிலும் மாம்பழத்திலும் அன்னாசியிலும் இல்லை.

அது சரி, ஃபிரக்டோஸாவது கைகொடுக்குமே, மாம்பழ ஜூஸே குடிக்கலாமே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். குடித்த ஃபிரக்டோஸைக் கல்லீரல் வழியிலேயே பிடித்துச் செலவழித்துவிடும். சிறுநீர்ப்பைக்குச் சொல்லும்படியாக ஒன்றும் வந்து சேராது. கண்ணாடிச் சில்லில் ஜெயித்த பொருள் முதலில் சிறுநீர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகும் உண்மையான மனுஷருக்கு நோய் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பழத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த இரண்டு கேள்வியையும் நான் கேட்பேன்.

அந்தப் பெரிய மூலக்கூறு எது என்று 1998-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஏமி ஹோவெல் குழு காட்டியது. பேர் வாயில் நுழையாது: புரோஆந்தோசயனிடின். மாத்திரை டப்பாக்களில் பி.ஏ.சி. என்று சுருக்கமாக இருக்கும். பேர்தான் புதுசு, ஆளை நமக்கு நன்றாகத் தெரியும். அறுசுவையில் துவர்ப்பு என்கிறோமே, அதைத் தருகிற டானின் குடும்பத்தில் ஒரு கிளை இது.

சித்திரை மாதம் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பழுத்த முந்திரிப்பழத்தைக் கடித்திருக்கிறீர்களா? முதலில் இனிப்பாகச் சாறு வழியும். அடுத்த நொடி நாக்கு தடித்து, கன்னத்து உள்தோல் சுருங்கி, தொண்டையைப் பிடிக்கும். எச்சிலில் வழவழப்பு தருகிற புரதங்களை டானின் வளைத்துப் பிடித்துத் திரளச் செய்துவிடுகிறது. வழவழப்பு போனதும் வாய் சொரசொரக்கிறது. புரதத்தைப் பிடிப்பது டானினின் பிறவிக் குணம். பாக்டீரியாவின் கொக்கியும் புரதம்தான்.

அப்படியென்றால் துவர்க்கிற எதைத் தின்றாலும் போதுமா? போதாது, இதுதான் இந்த விஷயத்திலேயே ருசியான பகுதி. புரோஆந்தோசயனிடின் என்பது சிறு துண்டுகள் கோத்த சங்கிலி. கோக்கிற விதத்தில் இரண்டு உண்டு. தேவனாம்பட்டினத்துக் கரையில் கட்டுமரம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து மரங்களை ஒரு முனையில் மட்டும் கயிறு போட்டுக் கட்டினால் மறுமுனை விரிந்து சுருங்கி ஆடும். இரண்டு முனையிலும் கட்டினால்தான் விறைப்பாக நிற்கும். துண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு பிணைப்பு இருந்தால் அது ‘பி’ வகை. திராட்சை, ஆப்பிள், பச்சைத் தேயிலை, சாக்லேட் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் அது. இரட்டைப் பிணைப்பு இருந்தால் ‘ஏ’ வகை. கிரான்பெரியில் இருப்பது அது. 2005-இல் ஹோவெல் குழு இந்த இரண்டு வகையையும் மனிதர்களுக்குக் கொடுத்து, அவர்களுடைய சிறுநீரைப் பாக்டீரியாவோடு கலந்து பார்த்தது. கிரான்பெரி ஜூஸ் குடித்தவர்களின் சிறுநீர் மட்டும் ஒட்டலைத் தடுத்தது. திராட்சை ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், பச்சைத் தேயிலை, சாக்லேட்டுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை.

இதில் ஒரு நெருடலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இவ்வளவு பெரிய சங்கிலி குடலிலிருந்து ரத்தத்துக்குள் சுலபமாக நுழைவதில்லை. பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் துண்டாடிவிடுகின்றன. அப்படியானால் சிறுநீரில் வேலை செய்வது அந்தச் சங்கிலியா, அது உடைந்த துண்டுகளா, பழத்தில் இருக்கிற வேறு சர்க்கரைக் கோவைகளா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

களாக்காய், மல்லாட்டை

இந்த இடத்தில் அக்காவின் மாமியார் உள்ளே நுழைந்தார். “அமெரிக்காக்காரன் பழம் எதுக்கு? நம்ம களாக்காதான் அது, டிவியில சொன்னான்.”

களாக்காய்க்கு ‘இந்தியக் கிரான்பெரி’ என்று யாரோ வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சிவப்பு, புளிப்பு, சைஸ் மூன்றும் பொருந்தும், மற்றது எதுவும் பொருந்தாது. களா அரளி, நந்தியாவட்டை குடும்பத்துச் செடி. காயைக் கிள்ளினால் பால் வடிகிறதே, அதுவே சாட்சி. கிரான்பெரி வேறு குடும்பம். வாக்சினியம் என்கிற அதன் சொந்தக்காரச் செடிகள் தமிழ்நாட்டில் வேண்டுமென்றால் நீலகிரி மாதிரி உயர்ந்த மலைகளில்தான் தேட வேண்டும். (கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கிற செர்ரி பல பேக்கரிகளில் சாயம் ஏற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். ஏற்கெனவே ஒரு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிற பாவத்துக்கு இன்னொன்று.)

நெல்லிக்காய், கடுக்காய், மாதுளைத் தோல் இவற்றின் துவர்ப்பும் டானின்தான், ஆனால் முக்கியமாக வேறு கிளை. சங்கிலி வகை அல்ல. அவை வேறு எதற்காவது நல்லதாக இருக்கலாம். கிரான்பெரியின் சோதனை முடிவைத் தூக்கி அவற்றின் தலையில் வைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ‘ஏ’ வகைப் பிணைப்பு நம் அடுப்படியிலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பிரியாணிக்குப் போடுகிற பட்டை. இன்னொன்று மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், சிவப்புத் தோல், ஊதித் தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் வாயில் போடுகிறோமே, அதுதான். உடனே தோலை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். என்னுடைய இரண்டு கேள்விக்கும், அது சிறுநீருக்கு வருகிறதா, மனுஷருக்கு நோய் குறைகிறதா என்பதற்கு, கிரான்பெரிக்கு நடந்த மாதிரி பெரிய சோதனைகள் அதற்கு நடக்கவில்லை.

மனுஷர் மேல் என்ன ஆயிற்று

1994-இல் பாஸ்டனில் 153 வயதான பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 300 மி.லி. கிரான்பெரி பானமும், மறுபாதிக்கு நிறத்திலும் ருசியிலும் அதே மாதிரி ஒரு போலியும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மாதாமாதம் எடுத்த மாதிரிகளில் கிருமியும் சீழ்ச்செல்லும் சேர்ந்து தென்பட்டது போலிப் பக்கம் 28 சதவீதம், கிரான்பெரிப் பக்கம் 15 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அவர்கள் எண்ணியது சிறுநீரில் கிருமி தெரிவதை. எரிச்சலும் வலியுமாகப் படுத்தவர்களை அல்ல. வயதானவர்களில் பலருக்குக் கிருமி சும்மா வந்து தங்கிவிட்டுப் போகும், தொந்தரவே இருக்காது.

அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு, 2012-இல் 24 ஆய்வுகளை அலசிவிட்டு, பெரிய பலனில்லை என்றது. 2016-இல் முதியோர் இல்லங்களில் 185 பெண்களுக்கு ஒரு வருஷம் கிரான்பெரி மாத்திரை கொடுத்த ஆய்விலும் வித்தியாசமில்லை. அத்தோடு கதை முடிந்தது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2023-இல் அதே காக்ரேன் 50 ஆய்வுகளையும் 8,857 பேரையும் வைத்துத் திரும்பக் கூட்டியபோது பதில் மாறியது. இடையில் புது ஆய்வுகள் நிறையச் சேர்ந்திருந்தன. ஆட்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தால், திரும்பத் திரும்பத் தொற்று வருகிற பெண்களுக்கு அபாயம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், 26 சதவீதம், குறைகிறது. குழந்தைகளுக்குப் பாதிக்குச் சற்று மேல். கதிரியக்கச் சிகிச்சை போன்றவற்றால் தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்களுக்கும் ஏறக்குறையப் பாதி. இல்லங்களில் இருக்கிற முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாதவர்கள் ஆகியோருக்குப் பலன் தெரியவில்லை.

26 சதவீதம் என்றால் என்ன? அக்காவைப் போல நூறு பேர். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதில் நாற்பது பேருக்கு வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எல்லோரும் கிரான்பெரி எடுத்தால் முப்பது பேருக்கு வரும். பத்துப் பேர் தப்பித்தார்கள். அறுபது பேருக்கு எப்படியும் வந்திருக்காது, முப்பது பேருக்கு எடுத்தும் வந்தது. நான் ‘பாதி நெசம்’ என்றது இதைத்தான். எடுக்கிறவருக்குத் தான் அந்தப் பத்தில் ஒருவரா என்று கடைசிவரை தெரியாது.

லேபில் அவ்வளவு அழகாக வேலை செய்த மன்னோஸ் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெடிக்கல்களில் அதன் பொடியும் இப்போது விற்கிறது. பிரிட்டனில் திரும்பத் திரும்பத் தொற்று வருகிற 598 பெண்களை வைத்து, ஒரு பாதிக்குத் தினம் 2 கிராம் மன்னோஸ், மறுபாதிக்கு வேறொரு சர்க்கரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். 2024-இல் வந்த முடிவு: மன்னோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 55.7 சதவீதம் பேரும் திரும்ப டாக்டரிடம் போனார்கள். பொருட்படுத்தும்படியான வித்தியாசமில்லை. கண்ணாடிச் சில்லைப் பார்த்து மயங்கக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. சோதனையைச் செய்து காட்டிய கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்

அக்காவின் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தோம். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம்தான் கிரான்பெரிச் சாறு. சும்மா குடித்தால் முகம் கோணுகிற அளவுக்குக் கிரான்பெரி புளிக்கும், துவர்க்கும். சர்க்கரை இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, ஆனால் மாமியாருக்கு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் நீர்க்கடுப்புக்காக இந்த டப்பாவைத் தினமும் குடிப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிகிற வேலை. பாக்கெட்டில் வருகிற உலர்ந்த கிரான்பெரியும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியதுதான்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல், குறைந்தது 27 சதவீதம் கிரான்பெரிச் சாறு உள்ள பானம் தினம் 240 மி.லி. குடித்தால் ஆரோக்கியமான பெண்களுக்குத் தொற்று திரும்ப வருகிற அபாயம் குறையலாம் என்று டப்பாவில் எழுத அனுமதித்தது. ஆனால், சான்று குறைவு, சீராகவும் இல்லை என்ற வரியும் கூடவே இருக்க வேண்டும் என்றது. நம் அக்காவின் டப்பாவில் சாறு எத்தனை சதவீதம் என்று தேடினோம், எழுதவே இல்லை.

மாத்திரையில் சர்க்கரைத் தொல்லை இல்லை. பல ஆய்வுகளில் தினம் 36 மி.கி. பி.ஏ.சி. கொடுத்திருக்கிறார்கள். டப்பாவில் ‘கிரான்பெரி 500 மி.கி.’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பழப்பொடியின் எடை, பி.ஏ.சி.யின் எடை அல்ல. வாங்குமுன் அந்த எண்ணைத் தேடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தண்ணீரும் சாவியும்

பழத்தைவிட மலிவான ஒன்றுக்குச் சுத்தமான சான்று இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், திரும்பத் திரும்பத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் வழக்கத்துக்கு மேல் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு வந்தது சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2 தடவை. ஒட்டுவதற்கு முன்னால் அலசிவிடுகிற பழைய காவலையே இரட்டிப்பாக்குவது, அவ்வளவுதான். இளநீர், மோர், பார்லிக் கஞ்சி என்று பாட்டி சொன்னதில் உண்மை இருந்தது இந்தத் தண்ணீரில்தான் என்பது என் கட்சி.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். “ஒன்றர லிட்டர் குடிக்கச் சொல்றியே, எங்க கடையில கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்கு தெரியுமா? சூப்பர்வைசர் தம்பிகிட்ட. கஸ்டமர் நிக்கறப்ப கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கும். காலைல ஒரு தடவ, மத்தியானம் சோத்துக்கு முன்னாடி ஒரு தடவ. அதுக்குத் தக்கனதான் தண்ணி.”

சாவி இருக்கட்டும், கடையில் உட்காருவதற்கே சட்டம் வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றாக்கினார்கள். அக்கா படுக்கிறது கடலூர், நிற்கிறது புதுச்சேரி. அந்தச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. அடக்கி வைத்த சிறுநீரில் கிருமி உட்கார்ந்து பெருகும் என்பதைக் கடைக்காரருக்கு யார் போய்ப் பாடம் நடத்துவது?

மூன்று தடவையில் இரண்டு தடவை அக்கா சீட்டில்லாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். இரண்டு வேளை போட்டதும் எரிச்சல் நின்றது, மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று டப்பாவில் எடுத்து வைத்தாராம். நம் நாட்டு ஈ.கோலையில் பெரும்பகுதி பழைய மருந்துகள் பலவற்றுக்கு மசிவதில்லை. எது வேலை செய்யும் என்று தெரிய யூரின் கல்ச்சர் எடுக்க வேண்டும். முதலில் வருகிற சிறுநீரை விட்டுவிட்டு நடுத்தாரையைப் பிடித்துக் கொடுத்தால், லேபில் அதைத் தட்டில் பரப்பி வளர்ப்பார்கள். ஈ.கோலை என்றால் மறுநாள் மெக்கான்கி என்கிற வளர்ப்புத் தட்டில் ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்து நிற்கும். அதன்மேல் எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்து எழுத இரண்டு நாள் ஆகும். எடுப்பதென்றால் மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜூஸையும் தண்ணீரையும் நம்பி உட்காரக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை உள்ளவர்கள், ஆண்கள் எரிச்சல் மட்டும் இருந்தாலே போய்விட வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அடிக்கடி வந்தால் பிறப்புறுப்பில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்ல தடுப்பு. கேட்கக் கூச்சப்பட்டே பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஜூஸைப் பிள்ளைகள் ராத்திரியே முடித்துவிட்டார்களாம். தோள்பையில் புதுசாக ஒரு லிட்டர் பாட்டில் எட்டிப் பார்த்தது. பாதிதான் நிரப்பியிருந்தார்.